உள்ளே விட்ட துணி

தெருவே அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டது. தையல் தொழிலில் கத்தரி பிடித்துத் துணி வெட்டுகிற ஆணுக்கு வழங்குகிற பட்டம் அது. அவள் சட்டைக் கம்பெனியில் வேலை பார்த்த காலத்தில் ஒருநாள் வெட்டு மேசை ஆள் வரவில்லை. காலர் வெட்ட ஆளில்லாமல் சூப்பர்வைசர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பட்டன் தைக்கிற வரிசையில் இருந்த இவள் எழுந்து போய், ஒரு வார்த்தை பேசாமல் கத்தரியை எடுத்தாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பட்டம், கம்பெனியை விட்டு வந்து வீட்டு முன்னறையில் சொந்த மெஷின் போட்ட பிறகும் அவளை விடவில்லை. கட்டின புருஷனும் அப்படியே கூப்பிட்டார். கிண்டலாக ஆரம்பித்ததுதான். பிறகு வேறு மாதிரி கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை.

முன்னறை சின்னது. ஒரு பழைய கதவை இரண்டு தகர டிரம்களின் மேல் படுக்க வைத்ததுதான் வெட்டு மேசை. கதவில் தாழ்ப்பாள் இருந்த துளை அப்படியே இருந்தது. சாக்பீஸ் துண்டுகள் அதில் விழுந்து காணாமல் போகும். ஜன்னலோரம் மெஷின். எதிர்ச் சுவரில் கம்பி கட்டி, பிடிக்க வேண்டிய பேன்ட்டுகளும் பிரிக்க வேண்டிய பேன்ட்டுகளும் தொங்கிக்கொண்டிருக்கும். லூசானதைப் பிடிப்பது, இறுகினதைப் பிரிப்பது, அறுந்த ஜிப்பை மாற்றுவது. அவளுக்கு வருவதில் பாதிக்கு மேல் இந்த வேலைதான்.

அதில் அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. பிடித்துத் தைத்த பிறகு மிஞ்சுகிற துணியை அவள் வெட்டி எறிய மாட்டாள். உள்ளே மடித்து, இஸ்திரி போட்டு அமுக்கி விட்டுவிடுவாள். "எதுக்கும்மா இந்தச் சுமை? வெட்டிட்டா சுத்தமா இருக்குமே" என்று கேட்கிறவர்களுக்கு அவளிடம் ஒரே பதில்தான்.

"உடம்பு இன்னிக்கு மாதிரியே நாளைக்கும் இருக்குமா? உள்ள இருக்கட்டும். சோறா கேக்குது?"

அவள் புருஷன் பஸ் டிரைவர். டெப்போவில் அவருக்குப் பஞ்சு என்று பெயர். அவர் பிரேக் போட்டால் போட்டதே தெரியாது. நின்றுகொண்டு வருகிற பிள்ளைத்தாய்ச்சிகூடக் கம்பியைப் பிடிக்க வேண்டாம் என்பார்கள். கண்டக்டர் ஒருமுறை பந்தயம் கட்டி, டம்ளர் நிறையத் தேநீரோடு பஸ்ஸின் நடுவில் நின்று பார்த்திருக்கிறான். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அந்தக் கதையை அவர் வீட்டில் எத்தனை தடவை சொல்லியிருப்பாரோ, ஒவ்வொரு தடவையும் டம்ளர் கொஞ்சம் பெரிதாகும்.

ஒருநாள் வேலைக்குக் கிளம்பும்போது அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"மாஸ்டர், பேன்ட் இறங்குது. கொஞ்சம் பிடிச்சுக் குடேன்."

அப்போது பள்ளிக்கூடப் பாவாடைகள் ஓடிக்கொண்டிருந்தன. மெஷினில் மெரூன் நூல். உள் தையல்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று நூலை மாற்றாமலே நடு முதுகுத் தையலில் ஒரு ஓட்டு ஓட்டிக் கொடுத்தாள்.

கொஞ்ச நாள் கழித்து மறுபடி வந்தார். அப்போது காவலாளிகளின் நீலச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். நீல நூலில் ஒரு ஓட்டு. அதற்குப் பிறகு நர்ஸ் கோட்டுகள். வெள்ளை நூலில் ஒன்று.

"பஸ் சீட்டு தேயறதுக்குப் பதிலா நீங்க தேயறீங்களே!"

"உன் சமையலைச் சாப்பிட்டு வேற என்ன ஆகும்?"

இப்படித்தான் பேசிச் சிரித்தார்கள். கண்டக்டர்கூடச் சொன்னான், "அண்ணே, இந்த வயசுல தொப்பையே இல்லாம எப்படிண்ணே?" என்று. அவர் அதையும் வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னார். வேறு ஒருவராக இருந்தால் கடைக்குப் போய்ப் புது பேன்ட் வாங்கியிருப்பார். பழைய அளவு சேரவில்லை என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். கண்ணாடியில் பார்த்துத் திடுக்கிட்டிருப்பார். இந்த வீட்டில் அதற்கு வழியில்லை. உடம்பு குறையக் குறைய பேன்ட்டும் கூடவே குறைந்தது.

அவர் சொல்லாத விஷயம் ஒன்றும் இருந்தது. கழிவறையில் சில நாளாக ரத்தம் போனது. டெப்போவில் பாதிப்பேருக்கு மூலம். எஞ்சின் சூட்டின் மேல் நாள் முழுக்க உட்கார்ந்தால் வராமல் என்ன செய்யும் என்பது அங்கே எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். ஓய்வறையில் மற்றவர்கள் அரசியல் பேசுகிற மாதிரி இவர்கள் களிம்பு பேசுவார்கள். அவரும் ஒரு களிம்பு வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பெண்டாட்டியிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பதா என்று கூச்சம்.

நாலாவது தடவை பேன்ட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அவர் உள்ளே போய்ப் படுத்தார். முன்பெல்லாம் வேலை விட்டு வந்ததும் படுக்கிற ஆளில்லை. அவள் பேன்ட்டை உள்பக்கம் திருப்பி மேசையில் விரித்தாள். ஊசி குத்திப் பார்த்தாள். இதற்கு மேல் பிடிக்க இடமில்லை. பிடித்தால் பின்பக்கப் பாக்கெட் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

அப்போதுதான் அவள் அதைப் பார்த்தாள். மெரூன், நீலம், வெள்ளை. மூன்று கோடுகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. அந்தப் பாவாடை, அந்தச் சட்டை, அந்தக் கோட்டு எல்லாமே இதே வருஷத்து வேலை. உள்ளே மடித்து விட்ட துணியின் மேல் கையை வைத்தாள். அவளுடைய உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. அவ்வளவு மனிதன் எங்கே போனான்?

டேப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய், தூங்குகிறவரை எழுப்பி நிற்க வைத்தாள்.

"என்னடி இது, புதுத்துணி எடுக்கப்போறியா?"

அவள் டேப்பை இடுப்பில் சுற்றினாள். சட்டைக்கு மேல் தெரியாத எலும்பு விரலில் தட்டியது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். ஊரான் வீட்டு உடம்பையெல்லாம் அளந்தேனே, இதை அளக்காமல் விட்டேனே என்று இருந்தது.

"உடம்புக்கு என்ன பண்ணுது? மறைக்காம சொல்லுங்க."

"ஒன்னும் இல்ல. அசதி. அப்புறம்... மூலம். எல்லா டிரைவருக்கும் உள்ளதுதான்."

"ரத்தம் போகுதா?"

அவர் சுவரைப் பார்த்தார்.

"நாளைக்கு ஆஸ்பத்திரி போறோம்."

"லீவு குடுக்க மாட்டான். இதுக்கெல்லாம் போயி..."

அவள் வாதாடத் தெரியாதவள். அதனால் மகளுக்குப் போன் போட்டாள். மகள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். பக்கத்துப் பேட்டையில் புருஷன், சின்னப் பெண்ணோடு குடியிருந்தாள். அவளிடம் அவருடைய வாய்ச் சவடால் எதுவும் எடுபடாது. மறுநாள் காலையில் வாசலில் வந்து நின்றாள்.

"அப்பா, சட்டையப் போடுங்க. நீங்க வரலைன்னா டெப்போவுக்கு நானே போன் பண்ணி உங்க களிம்புக் கதைய மைக்குல சொல்லச் சொல்வேன்."

டாக்டர் இளம்பெண். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டாள். "ஐயா, சமீபத்துல எடை குறைஞ்சுதா?"

"இல்லைங்க டாக்டர். ஒரே மாதிரிதான் இருக்கேன். பேன்ட்டெல்லாம் கச்சிதமாத்தான் இருக்கு."

அவர் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பினார். மாஸ்டர் பைக்குள் கையை விட்டு அந்த பேன்ட்டை எடுத்து, உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி டாக்டரின் மேசையில் வைத்தாள்.

"இவருக்குத் தெரியாதுங்கம்மா. நான்தான் பிடிச்சுப் பிடிச்சுக் குடுத்தேன். எல்லாம் இந்த வருஷம்."

டாக்டர் மூன்று கோடுகளையும் விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு கண்ணாடியை இறக்கிக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். ரத்தப் பரிசோதனை. குடலுக்குள் கேமரா வைத்த குழாய் விட்டுப் பார்க்கிற பரிசோதனை. குழாய் போன இடத்தில், பெருங்குடலின் கடைசிப் பக்கம் ஒரு கட்டி தெரிந்தது. அதிலிருந்து துளி சதையைக் கிள்ளி எடுத்து அனுப்பினார்கள்.

முடிவு வந்த அன்று மூன்று பேரும் டாக்டர் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை.

"ஐயா, இது கேன்சர்தான். ஆனா வைத்தியம் பண்ணக்கூடிய நிலைமையில இருக்கிற மாதிரி தெரியுது. என்னன்னு சொல்றேன், அவசரப்படாம கேளுங்க. நடுவுல எது வேணா கேக்கலாம்."

மகள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மாஸ்டருக்கு அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு காது அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. ஆனாலும் கேட்டாள். வாடிக்கையாளர் அளவு சொல்லும்போது கேட்கிற மாதிரி, ஒன்றையும் விடாமல் கேட்டாள்.

"நம்ம உடம்பு கோடிக்கணக்கான செல்லால ஆனது. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது. பழசு சாகும், அந்த இடத்துக்குப் புதுசு வரும். கையில வெட்டுப்பட்டா தோல் மறுபடி வளருது இல்லையா? மூட வேண்டிய அளவு மூடினதும் நின்னுடும். நிக்கணும்ங்கிற உத்தரவு அந்தச் செல்லுக்குள்ளேயே இருக்கு. எப்பவாவது ஒரு செல்லுல அந்த உத்தரவு கெட்டுப்போகும். அது நிக்காம பெருகும். அதுலேருந்து வர்றதும் அப்படியே பெருகும். கூடிக்கூடிக் கட்டியாகும்."

"அப்ப பிரேக் போயிடுச்சுன்னு சொல்லுங்க" என்றார் அவர்.

டாக்டர் சிரித்தாள். "அதேதான். ஆக்சிலேட்டரும் மாட்டிக்கிச்சு, பிரேக்கும் போச்சு."

"எல்லாக் கட்டியும் இப்படித்தானா?" என்று மகள் கேட்டாள்.

"இல்லம்மா. நிறையக் கட்டி இருந்த இடத்துலயே சும்மா இருக்கும். கேன்சர் கட்டி பக்கத்துச் சதைக்குள்ள நுழையும். அதுலேருந்து சில செல் கழண்டு, ரத்தத்தோட போயி ஈரல்லயோ நுரையீரல்லயோ குடியேறும். அப்படிப் போயிட்டா வைத்தியம் கஷ்டமாயிடும். அதனாலதான் எங்க வரைக்கும் போயிருக்குன்னு ஸ்கேன்ல பாக்கறோம். சீக்கிரம் வந்தா சீக்கிரம் பிடிக்கலாம்னு சொல்றது அதுக்குத்தான்."

"நான் பீடி சிகரெட் தொட்டதில்லைங்க. என்ன பாவம் பண்ணேன்?"

"பாவம் எதுவும் இல்ல ஐயா. புகையிலை பல கேன்சருக்குப் பெரிய காரணம், வாஸ்தவம்தான். வயசு, பரம்பரை, சாப்பாட்டுப் பழக்கம், உடம்பு அசையாம இருக்கிறது, இதெல்லாமும் உண்டு. ஒரு ஆளுக்கு ஏன் வந்துச்சுன்னு விரலை நீட்டிச் சொல்ல பல சமயம் எங்களாலயும் முடியாது. யாரும் யாரையும் குத்தம் சொல்லிக்காதீங்க."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது டாக்டர் மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

ஸ்கேனில் ஈரல் சுத்தம், நுரையீரல் சுத்தம். அறுவை சிகிச்சை செய்து குடலில் அந்தத் துண்டை எடுத்துவிட்டு இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்தார்கள். "எப்படித் தைச்சிருக்காங்கன்னு பாக்கணும்போல இருக்கு" என்று மாஸ்டர் மகளிடம் மெதுவாகச் சொன்னாள். படுக்கையில் கிடந்தவர் அதைக் கேட்டுச் சிரிக்கப்போய், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறினார். "சிரிக்க வைக்காதடி, பிரிஞ்சுடப்போகுது!"

எடுத்த துண்டைப் பரிசோதித்ததில், கட்டியை ஒட்டியிருந்த நெறிக்கட்டிகள், அதாவது நிணநீர் முடிச்சுகள், சிலதிலும் அந்தச் செல்கள் இருந்தன. மூன்றாம் நிலை என்றார் டாக்டர். கண்ணுக்குத் தெரியாமல் எங்காவது மிச்சம் ஒளிந்திருந்தால் அதை அழிக்க ஊசி மருந்தும் மாத்திரையும் வேண்டும், சில மாதம் ஆகும். "முழுசா முடிச்சா நல்ல வாய்ப்பு இருக்கு. கையோ காலோ மரத்துப்போனா, சுருக்குச் சுருக்குன்னு குத்தினா உடனே சொல்லணும். மறைக்கக் கூடாது."

"சரிங்க" என்று தலையாட்டினார். மறைப்பதற்கு அவருக்கா சொல்லித் தர வேண்டும்!

வீட்டுக்கு வந்ததும் பார்க்க வந்தவர்களில் அவருடைய அக்காவும் ஒருத்தி. இரண்டு தெரு தள்ளி இருந்தாள். தம்பி என்றால் உயிர். ஆனால் வாசற்படியிலேயே நின்றாள். மாஸ்டர் நாற்காலி போட்டும் உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்ததற்கு, "வேணாம், வரும்போதுதான் குடிச்சேன்" என்றாள். போகும்போது மாஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டு, "அவன் தட்டு டம்ளரெல்லாம் தனியா வச்சிருக்கதானே? பேத்தி வர்ற வீடு" என்றாள்.

"ஒட்டிக்கிற வியாதி இல்லையாம் அண்ணி."

"டாக்டருங்க அப்படித்தான் சொல்வாங்க. நம்ம ஜாக்கிரதை நமக்கு."

உள்ளேயிருந்து மகள் வந்தாள். "அத்தே, ஒரு தட்டுல சாப்பிட்டாலும் ஒட்டாது. சளி காய்ச்சல் மாதிரி கிருமியால வர்றதில்ல அப்பாவுக்கு வந்தது. அவரோட சொந்த செல்லு கெட்டுப்போனது. உங்களுக்குப் போயி அது எப்படி வேலை செய்யும்?"

"பாத்தியா, மருந்துக்கடையில டப்பா எடுத்துக் குடுக்கிறவ எனக்குப் பாடம் எடுக்கறா."

"இன்னொன்னும் கேளுங்க. ஒட்டாது, ஆனா கூடப் பொறந்தவங்களும் பிள்ளைங்களும் பரிசோதனை பண்ணிக்கணும்னு டாக்டர் சொன்னாங்க. நான் எந்த வயசுல பண்ணணும்னு கேட்டுட்டு வந்துட்டேன். நீங்க இப்பவே பண்ணணும்."

"எனக்கா! நான் கல்லு மாதிரி இருக்கேன்."

"அப்பாவும் கல்லு மாதிரிதான் இருந்தாரு. பேன்ட்டு கச்சிதமா இருந்துச்சு."

அத்தை முகம் சுண்டிப்போனது. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மருந்து ஏற்றுகிற அறையில் சாய்வு நாற்காலிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு நாற்காலிக்கும் பக்கத்தில் ஒரு கம்பியில் பை தொங்கும். அதிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும். மாஸ்டர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஹெம்மிங் வேலையை மடியில் வைத்துத் தைத்துக்கொண்டிருப்பாள். தலையில் துணி கட்டியவர்கள் இருந்தார்கள், கட்டாதவர்களும் இருந்தார்கள். மருந்துக்கு மருந்து வித்தியாசம் என்றாள் நர்ஸ். கேன்சர் என்று ஒரே பெயரைச் சொல்கிறோமே தவிர, அது நூறு வகைக்கு மேல் இருக்கிற கூட்டம். மார்புக்கு வருவது வேறு, ரத்தத்துக்கு வருவது வேறு, வைத்தியமும் வேறு வேறு. அவருக்கு முடி பெரிதாகக் கொட்டவில்லை. "கொட்டறதுக்கு என்ன இருக்கு?" என்று தானே சொல்லிக்கொண்டார்.

முதல் சில தடவை அப்படியே ஓடியது. குமட்டலுக்கு மாத்திரை, வாய்ப்புண்ணுக்குக் கொப்பளிக்கத் தண்ணீர், இளஞ்சூட்டில் கஞ்சி. குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரலில் மின்சாரம் அடிக்கிற மாதிரி இருக்கிறது என்று ஒருநாள் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மாஸ்டரும் சரியாகிவிட்டது என்று நினைத்தாள்.

லீவில் இருந்தவர் ஒரு மத்தியானம் டெப்போ சட்டையை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தார்.

"மாஸ்டர், இந்தப் பட்டன் ரொம்ப வழவழன்னு இருக்கு. எடுத்துட்டு டிச் பட்டன் வச்சுக் குடேன். டப்பு டப்புன்னு அமுக்கிட்டுப் போயிடலாம்."

"சரி, வையுங்க."

டிச் பட்டன் டப்பாவை எடுத்தாள். பிளேடால் மேல் பட்டனின் நூலை அறுத்தாள். இரண்டாவது பட்டனில் பிளேடு நின்றது. அந்தப் பட்டன்கள் அவளே வைத்தவை. எத்தனையோ வருஷமாக அவர் அதே மாதிரிப் பட்டன்தான் போடுகிறார். இன்றைக்கு எப்படி வழவழப்பாயிற்று?

பிளேடை மேசையில் வைத்தாள். ஒரு பட்டனை எடுத்து அவர் உள்ளங்கையில் போட்டாள்.

"எடுத்து என்கிட்ட குடுங்க."

"என்ன விளையாட்டு இது?"

"குடுங்க."

அவர் இன்னொரு கையால் எடுக்கப் பார்த்தார். பட்டன் விரலுக்கிடையில் நழுவியது. மறுபடி எடுத்தார். மறுபடி நழுவி, மேசைக் கதவின் துளைக்குள் விழுந்தது.

"எத்தனை நாளா?"

"அது... கொஞ்ச நாளா. காலும்தான். கிளட்ச மிதிக்கிற பாதம். தரையில பஞ்சு போட்ட மாதிரி இருக்கு." சிரிக்கப் பார்த்தார். "பேருக்கு ஏத்த மாதிரி."

"டாக்டரம்மா சொல்லச் சொன்னாங்களே!"

"சொன்னா? எழுதி வச்சுடுவாங்க. கை மரத்துப்போனவனுக்கு டெப்போவுல சாவி குடுப்பானா? நான் முடிவு பண்ணிட்டேன். அடுத்த தடவை போகப்போறதில்ல. கட்டியத்தான் எடுத்தாச்சே. இந்த மருந்தே வேணாம். கை தானா சரியாயிடும்."

அவள் சட்டையைச் சுருட்டி அவர் மேல் எறிந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் எதையும் எறிந்ததில்லை. எறிந்த பிறகு அவளுக்கே பயமாக இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"இதையும் பிடிச்சுக் குடுக்கச் சொல்றீங்களா? பேன்ட்டு இறங்குது, பிடிச்சுக் குடு. பட்டன் வழுக்குது, மாத்திக் குடு. நான் தைச்சுத் தைச்சு மூடணும், நீங்க உள்ள கரைஞ்சுக்கிட்டே போகணும். அப்படித்தானே? முடியாது. இனிமே ஒரு தையல் போட மாட்டேன்."

"பஸ்ஸ விட்டா எனக்கு என்னடி தெரியும்? கை இல்லாம நான் யாரு?"

"கை இருந்து ஆள் இல்லாம போனா? ஸ்டியரிங்க யாரு பிடிப்பா, உங்க கண்டக்டரா?"

அவர் மேசைக்குக் கீழே குனிந்து, விழுந்த பட்டனைத் தேடினார். கிடைக்கவில்லை. குனிந்தபடியே, "சரி வா, போகலாம்" என்றார்.

டாக்டர் அவருடைய விரல் நுனியையும் பாதத்தையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். கோபம் வந்தது அவளுக்கும். அடக்கிக்கொண்டாள்.

"ஐயா, இது அந்த ஊசி மருந்தோட வேலை. நரம்பைத் தொந்தரவு பண்ணும். நீங்க மறைச்சு மறைச்சு இன்னும் ரெண்டு தடவை போட்டிருந்தா நிரந்தரமாக் கெட்டிருக்கலாம். மருந்தை நீங்களே விட்டிருந்தா, ஒளிஞ்சிருக்கிற மிச்சம் தலை தூக்கியிருக்கலாம். ரெண்டுக்கும் நடுவுல வழி இருக்கே! இந்த ஊசிய நிறுத்திடறேன். மாத்திரைய மட்டும் முழுசா முடிங்க. மரப்பு மெதுவாத்தான் குறையும். கொஞ்சம் மிஞ்சினாலும் மிஞ்சும். ஆனா பெரும்பாலும் குறையும்."

"நடுவுல வழி இருக்குங்களா?"

"வாயத் திறந்து சொன்னா இருக்கு."

மாஸ்டர் வீட்டுக்கு வந்து அறுத்த பட்டனை மறுபடி தைத்தாள். அவரிடம் ஒரு டப்பா நிறையப் பட்டன்களைக் கொட்டிக் கொடுத்து, நிறம் நிறமாகப் பிரிக்கச் சொன்னாள். முதல் நாள் பாதி தரையில் உருண்டது. "சம்பளம் உண்டா?" என்றார். "கஞ்சி உண்டு" என்றாள். மாத்திரை முடிகிற வரைக்கும் தினமும் அது நடந்தது. டப்பா மறுபடி மறுபடி கலந்து கொட்டப்பட்டது. அவருக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்தார்.

இதற்கிடையில் ஒருநாள் அவருடைய அக்கா வந்தாள். இந்த முறை வாசற்படியில் நிற்கவில்லை. நேரே உள்ளே வந்து கட்டிலில் தம்பி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போயிட்டு வந்தேன்டா. அந்தக் குழாய் விட்டுப் பாக்கறது."

"நீயா? எப்பக்கா?"

"முந்தாநாள். உன் மகதான் இழுத்துட்டுப் போனா, ராட்சசி. உள்ள மொட்டு மாதிரி ரெண்டு இருந்துச்சாம். இப்ப ஒன்னும் இல்ல, ஆனா அப்படியே விட்டா சில வருஷத்துல அதுல ஒன்னு உனக்கு வந்த மாதிரி ஆனாலும் ஆகியிருக்கும்னாங்க. குழாய் வழியாவே கிள்ளி எடுத்துட்டாங்க. வலிக்கக்கூட இல்லடா. இனி அப்பப்போ வந்து காட்டினா போதுமாம்."

சொல்லிவிட்டு, கட்டிலோரம் இருந்த அவருடைய டம்ளரை எடுத்து மடமடவென்று குடித்தாள். மாஸ்டரும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "என்ன இவ்வளவு சூடா வச்சிருக்க தண்ணிய?" என்றாள் அக்கா.

மருந்து முடிந்து எடுத்த ஸ்கேனில் எதுவும் இல்லை. 'குணமாயிடுச்சு' என்ற சொல்லை டாக்டர் சொல்லவில்லை. "இப்போதைக்குச் சுத்தமா இருக்கு. சில வருஷம் விடாம வந்து காட்டணும். ஒவ்வொரு வருஷமும் இப்படியே இருந்தா பயம் குறைஞ்சுக்கிட்டே வரும்" என்றாள். அந்த அளவு போதும் என்று இருந்தது மாஸ்டருக்கு.

டெப்போவில் முதலில் நேரம் பார்க்கிற அறையில் உட்கார வைத்தார்கள். பஸ்களைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே சலித்துப்போனார். விரல் மரப்பு மெதுவாக வடிந்தது. நுனியில் மட்டும் கொஞ்சம் நின்றுவிட்டது. கடைசியில் டெப்போ டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட, டெப்போ மைதானத்திலேயே ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். கண்டக்டர் கேட்காமலே டம்ளர் நிறையத் தேநீரோடு ஏறி, நடுவில் நின்றுகொண்டான். பஸ் சுற்றி வந்து நின்றது.

"சிந்துச்சாடா?"

"கொஞ்சம் சிந்துச்சுண்ணே. பரவாயில்ல, சூடா இல்ல."

மாஸ்டரிடம் ஒரு மாற்றம் வந்திருந்தது. யார் பேன்ட்டாவது வருஷத்துக்குள் இரண்டாவது தடவை பிடிக்க வந்தால், தலையைத் தூக்கிப் பார்த்து, "சாப்பாட்டைக் குறைச்சிருக்கீங்களா? தானா இளைக்குதா?" என்று கேட்பாள். அதிகம் வாய் திறக்காத அந்த மனுஷிக்கு அந்த இரண்டு கேள்வியைக் கேட்பதற்குள் காது சிவந்துவிடும். "உனக்கெதுக்கும்மா அதெல்லாம்?" என்று ஒரு காவலாளி முறைத்தார். பிறகு போய்க் காட்டியதில் அவருக்குச் சர்க்கரை இருந்தது. எல்லா இளைப்பும் கேன்சர் இல்லை என்று அவளுக்கும் தெரியும். பார்த்துவிடுவது நல்லது, அவ்வளவுதான்.

ஒரு காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"மாஸ்டர், பேன்ட் இறுக்குது. கொக்கி மாட்ட முடியல."

அவள் கையை நீட்டினாள். அவர் பேன்ட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கைலியோடு ஸ்டூலில் உட்கார்ந்தார். அவள் உள்பக்கம் திருப்பி, ஊசி முனையால் வெள்ளை நூலை ஒவ்வொரு கண்ணியாகத் தூக்கி அறுத்தாள். துணி ஒரு மூச்சு விட்ட மாதிரி தளர்ந்து, நீலக் கோட்டில் போய் நின்றது.

"அப்படியே மிச்ச ரெண்டையும் பிரிச்சு விட்டுடேன்."

"இடுப்பு வரட்டும். அதுக்கு முன்னாடி என்ன அவசரம்?"

பேன்ட்டைத் திருப்பி விரித்தபோது, வெளியே வந்த துணி மட்டும் கரும்பட்டையாகத் தெரிந்தது. வெயில் படாமல் உள்ளே இருந்ததால் அதில் சாயம் போகவில்லை. வாங்கின அன்றைக்கு இருந்த நிறத்திலேயே இருந்தது.

"என்னடி இது, பின்னாடி கோடு போட்ட மாதிரி. எல்லாரும் பாப்பாங்களே."

"பாக்கட்டும்" என்றாள் மாஸ்டர், இஸ்திரிப் பெட்டியைச் சூடு பார்த்தபடி. "மாட்டுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு."